மழையில் வெடித்த பன்னீர்த் திராட்சையை வீட்டிற் சமைத்துச் சேமிக்கும் முறை

வைகை அணைக்கு மேலே, கம்பம் பள்ளத்தாக்கிலே திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் குடித்தனக்காரர் எவரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு. பறிப்புக்கு நான்கைந்து நாள்களே இருக்கும் தறுவாயில் ஓர் இரவு பலத்த மழை பெய்துவிடுகிறது. விடிந்து பந்தலுக்குள் நுழைந்து பார்த்தால், கொத்துதோறும் சில மணிகள் தோல் வெடித்துச் சாறு கசிந்து, கீழே தொங்கும் நல்ல மணிகளையும் நனைத்துக்கொண்டிருக்கின்றன. வியாபாரி வந்து பார்த்து, முன் பேசியிருந்த விலையைக் குறைக்கிறார். அல்லது வராமலே இருந்துவிடுகிறார். வெடித்த மணிகளையெல்லாம் கத்தரியாற் கழித்து வாய்க்கால் ஓரத்திற் கொட்டுகிறார்கள். மறுநாள் ஈ மொய்க்கிறது. மூன்றாம் நாள் தெருவெல்லாம் புளித்த வாடை வீசுகிறது.

இவ்விதம் கொட்டப்படும் பழத்தில் ஒரு பங்கையேனும் வீட்டு அடுப்பில் ஏற்றிப் பாகாகவும் ஜெல்லியாகவும் தொக்காகவும் ஆக்கிக்கொள்ளலாகும். அதற்கான முறையையும், அதில் நேரக்கூடிய பிழைகளையும் விவரித்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முல்லைப் பெரியாற்றின் நீர் 1895ஆம் ஆண்டு முதல் மலையைக் குடைந்த சுரங்க வழியாய்க் கிழக்கே திருப்பப்பெற்று, இப்பள்ளத்தாக்கினூடே ஓடி வைகையிற் கலந்து, 1959ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வைகை அணையிற் சென்று தேங்குகிறது. அந்நீர் பாயும் தாழ்ந்த நிலங்களில் நெல்லும், சற்று மேடான தோட்டங்களில் திராட்சையும் இப்பகுதியின் பெருமைக்குரிய பயிர்கள். கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் பயிராகும் பன்னீர்த் திராட்சை, மேல்நாட்டார் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று வழங்கும் இனமேயாகும். 2023ஆம் ஆண்டு 'கம்பம் பன்னீர்த் திராட்சை' என்ற பெயரால் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. கவாத்துச் செய்த நாளிலிருந்து ஏறத்தாழ 4 மாதங்களிற் பழம் பறிப்புக்கு வருமாதலால், தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றி அமைத்து, இங்கே ஆண்டின் பெரும்பகுதியிலும் பழம் பறிக்கிறார்கள். இச்சிறப்பிலேயே ஒரு சங்கடமும் அடங்கியுள்ளது. எந்த மாதத்தில் மழை பெய்யினும் எவரேனும் ஒருவருடைய பந்தலிற் பழம் முற்றியிருக்கும்.

வெடிப்பின் காரணம் எளிது. முற்றிய மணிக்குள் சர்க்கரை மிகுந்திருக்கிறது. வறண்டிருந்த நிலத்தில் திடீரென்று நீர் தேங்கினால் வேர் அதனை விரைந்து உறிஞ்சுகிறது. நனைந்த தோலின் வழியாகவும் நீர் உட்புகுகிறது. உள்ளே சதை உப்புகிறது. பன்னீர்த் திராட்சையின் தோலோ மெல்லியது. அதற்கு ஈடுகொடுக்க மாட்டாமற் கிழிகிறது. ஆகவே வெடித்த மணி நோயுற்ற மணி அன்று. வெடித்த அன்று அது நல்ல பழமே. ஆயின் தோல் என்னும் காவல் நீங்கிவிட்டபடியால், காற்றிலும் பழத்தின் மேலும் உள்ள நொதிகளும் பூஞ்சைகளும் சில மணி நேரத்திற்குள் உட்புகுந்துவிடும். காலையிற் கழித்த பழத்தை மாலைக்குள் அடுப்பேற்ற வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. இயலாதாயின் அதனைச் சமைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுதல் நலம்.

மேலே செல்லுமுன் ஒன்றை ஒளியாமற் சொல்லிவிட வேண்டும். இது விலை வீழ்ச்சிக்கு மருந்து அன்று. ஒரு பந்தலிற் பழம் டன் கணக்கிற் காய்க்கிறது. ஒரு குடும்பத்துப் பெண்டிர் ஒரு நாளில் 10 கிலோ, மிஞ்சினால் 20 கிலோ பழத்துக்குமேற் பக்குவம் செய்ய இயலாது. அன்றியும், கீழே கூறப்போகும் கணக்கின்படி, பழத்தைவிடச் சர்க்கரைக்கே செலவு அதிகமாகும். நல்ல விலைக்குப் பழம் விற்கும் நாளில் இவ்வேலையிற் புகுவது வீண். எறியப்போகும் பழம் கையிலிருக்கும் நாளில், ஒரு வீட்டுக்கு ஓராண்டுக்கு வேண்டிய பாகையும், உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுக்கச் சில சீசாக்களையும் தேடிக்கொள்ளலாம் என்ற அளவிலேயே இதன் பயனை மதிக்க வேண்டும்.

அயல்நாட்டு வழக்கம் ஒன்று.— கரும்பழங்களைச் சமைத்துச் சாறெடுக்கும் வழக்கம் ஐரோப்பியக் குடியானவர்களிடம் மிகப் பழமையானது. அங்கு வேலியோரங்களில் 'எல்டர்' என்னும் குறுமரம் வளர்கிறது. மிளகைவிடச் சற்றே பெரிய கருநீலப் பழங்கள் அதிற் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். அவற்றைப் பச்சையாய் உண்டால் குமட்டலும் வாந்தியும் உண்டாகும். தழையிலும் குச்சியிலும் விதையிலும் சயனைடு நஞ்சைப் பிறப்பிக்கும் பொருள் இருக்கிறது. ஆகவே குச்சி நீக்கி, நன்றாய்க் காய்ச்சி, வடிகட்டிப் பாகும் ஜெல்லியும் செய்கிறார்கள். 1983ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் ஒரு கூட்டத்தார் இப்பழத்தைத் தழையோடும் குச்சியோடும் நசுக்கிச் சமையாத சாறாகப் பருகினர். கால்மணி நேரத்துக்குள் வாந்தி கண்டு, எண்மரை ஆகாய மார்க்கமாய் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. நல்வினையாக அனைவரும் பிழைத்தனர். நம்முடைய மணத்தக்காளிப் பச்சைக்காயையும் மோரில் ஊறவைத்து உலர்த்தி வறுத்தே உண்கிறோம் அன்றோ? எப்பழத்தை எப்படிப் பக்குவம் செய்ய வேண்டும் என்று முன்னோர் வகுத்த முறைகளுக்குள் காரணம் இருக்கிறது.

திராட்சையில் எல்டரின் நஞ்சு இல்லை. எனினும் குச்சி நீக்குதல், மிதமாய்க் காய்ச்சுதல், விதை உடையாமல் வடித்தல் என்னும் மூன்று செயல்களும் இரண்டுக்கும் பொது. திராட்சையில் நஞ்சு வருமாயின் அது மரத்திலிருந்து வருவதன்று. நாம் அடிக்கும் மருந்திலிருந்தும், நாம் கவனியாத பூஞ்சையிலிருந்தும் வருவது.

மருந்தும் பூஞ்சையும்.— அடிச்சாம்பல் நோய்க்கும் சாம்பல் நோய்க்கும் திராட்சைக்கு அடிக்கும் மருந்துகள் பல. ஒவ்வொன்றின் சீட்டிலும், தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பழம் பறிக்க வேண்டும் என்ற காத்திருப்புக் காலம் அச்சிடப்பட்டிருக்கிறது. அக்காலம் முடியாத பழத்தைச் சமையலுக்கு எடுத்தலாகாது. 'மழை பெய்து கழுவிவிட்டது' என்றும், 'கொதிக்க வைத்தால் மருந்து போய்விடும்' என்றும் சிலர் கூறுவதுண்டு. இரண்டும் நம்பத்தக்கன அல்ல. மழையும் கழுவுதலும் மேற்பூச்சாய் நிற்பதையே ஓரளவு நீக்கும். செடிக்குள் ஊடுருவும் தன்மையுள்ள மருந்து பழத்தின் சதையிலேயே இருக்கும். அடுப்பின் உஷ்ணம் எல்லா மருந்தையும் அழித்துவிடும் என்பதற்கு உறுதியில்லை. சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைக்கும்போது நீர்தான் குறைகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆதலால் தெளிப்பு நாளை ஒரு நோட்டுப் புத்தகத்திற் குறித்துவைக்கும் பழக்கம் இல்லாதவர்கள், தங்கள் தோட்டத்துப் பழத்தைத் தங்கள் பிள்ளைகளுக்கே துணிந்து கொடுக்க இயலாத நிலையில் இருக்கிறார்கள்.

இனிப் பூஞ்சை. வெடித்த மணியின் வாயிலிருந்து கரும்பொடி போன்று ஏதேனும் உதிருமாயின், அம்மணியை மட்டுமன்றி அதனைத் தொட்டுக்கொண்டிருக்கும் மணிகளையும் கழித்து எறிய வேண்டும். இக்கரும்பூஞ்சையிற் சில வகைகள் 'ஆக்ரடாக்சின்' என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. அது சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்வது. கொதிநிலை உஷ்ணத்துக்கும் எளிதில் அழியாதது. அழுகலையும் பூஞ்சையையும் 'காய்ச்சிவிட்டால் சரியாகிவிடும்' என்று பாத்திரத்திற் சேர்ப்பது பெரும் பிழை. நொதித்த வாடை வீசும் பழமும் அவ்வாறே தள்ளத்தக்கது. சாறு கசிந்து, ஆயினும் வாடையின்றிப் புதுமை மாறாதிருக்கும் பழமே நமக்கு வேண்டுவது.

பாத்திரம்.— திராட்சைச் சாறு புளிப்புள்ளது. இரும்புச் சட்டியில் வைத்தால் நிறம் கறுத்துச் சுவை கெடும். ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் களிம்பு ஏறும். அலுமினியமும் புளிப்பால் அரிக்கப்படும். எவர்சில்வர்ப் பாத்திரம், அல்லது பீங்கான் பூச்சு உடையாத பாத்திரம் உத்தமம். கிளறுவதற்கு மரக்கரண்டி. வடிப்பதற்கு வெளுத்த மல்லுத் துணி, முன்னதாகவே வெந்நீரிற் போட்டுப் பிழிந்தது.

சாறு எடுத்தல்.— காம்புகளைக் கிள்ளிக் களைந்து, பழத்தை இரண்டு மூன்று முறை நல்ல நீரிற் கழுவி, வடிய வைத்து, நிறுத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அகன்ற பாத்திரத்திற் கையாலோ மத்தாலோ மசிக்க வேண்டும். மிக்ஸியில் அரைக்கலாகாது. விதை உடைந்தால் துவர்ப்பும் கசப்பும் சாற்றிற் கலந்து, எவ்வளவு சர்க்கரை சேர்த்தாலும் மாறாது. அவசரக்காரர்கள் செய்யும் பிழைகளில் இதுவே முதன்மையானது.

மசித்த பழத்தை மிதமான தீயில் வைத்து, அடி பிடிக்காதபடி கிளறிக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. திராட்சையின் கருஞ்சிவப்பு நிறம் முழுதும் தோலில் இருக்கிறது, சதைக்கு நிறமில்லை. 60 முதல் 65 டிகிரி உஷ்ணத்தில் கால்மணி நேரம் வைத்திருந்தால் தோல் நிறத்தை விட்டுக்கொடுத்துவிடும். அதற்குமேற் கொதிக்கவிட்டால் நிறம் கூடுவதில்லை. இப்பழத்துக்குப் பன்னீர் என்ற பெயரைத் தேடித்தந்த மணம் மட்டும் ஆவியோடு போய்விடும். வெப்பமானி இல்லாதவர்கள், ஆவி எழும்பிச் சாற்றின் ஓரம் நெளியத் தொடங்கும் பதத்தை அடையாளமாகக் கொள்ளலாம். குமிழி வரக் காண்பாராயின் தீயைக் குறைக்க வேண்டும். மூடி போட்டு வைத்தல் மணத்தைக் காக்கும்.

நிறம் இறங்கியதும் துணியில் ஊற்றித் தொங்கவிட வேண்டும். பாகுக்கானால் இறுதியில் துணியை முறுக்கிப் பிழியலாம். ஜெல்லிக்கானால் பிழியலாகாது, பிழிந்தால் சாறு கலங்கும். 10 கிலோ பழத்திலிருந்து ஏறத்தாழ 5 அல்லது 6 லிட்டர் சாறு கிடைக்கும். அதனை ஒருமுறை கொதிவரச் செய்து, மூடி, குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்திருந்தால், அடியிற் பொடிக் கண்ணாடி போன்ற மணல் படியும். முதன்முறை காண்பவர்கள் சீசா உடைந்துவிட்டதோ என்று அஞ்சுவார்கள். அது திராட்சைக்கே உரிய டார்டாரிக் அமிலத்தின் உப்பு, தீங்கற்றது. மேல்தெளிவை மெல்லச் சாய்த்து எடுத்துக்கொள்ளலாம். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் இரவு வைக்காமல் உடனே பாகு செய்துவிடுதல் நலம்.

பாகு.— 1 லிட்டர் சாற்றுக்கு 1½ கிலோ சர்க்கரையும், 2 எலுமிச்சம்பழத்தின் சாறும் சேர்க்க வேண்டும். இவ்வளவு சர்க்கரையா என்று இல்லத்தரசிகள் மலைப்பது இயல்பே. ஆயின் இவ்வளவு சர்க்கரை இருப்பதே பாகு கெடாமைக்குக் காரணம். சாற்றில் இயல்பாய் உள்ள இனிப்பையும் கூட்டினால், இவ்விகிதத்தில் பாகின் எடையில் நூற்றுக்கு 65 பங்கு கரைந்த சத்தாக நிற்கிறது. அந்த அடர்த்தியிற் பெரும்பாலான நொதிகள் உயிர்வாழ நீர் கிடைக்காது. சிக்கனம் கருதிச் சர்க்கரையைப் பாதியாக்கினால் பாகு இருவாரத்திற் பொங்கும். மிச்சம் பிடித்த சர்க்கரையோடு போட்ட சர்க்கரையும் போய்விடும்.

சர்க்கரை முழுதும் கரைந்து ஒரு கொதி வந்ததும் மேலே கட்டும் நுரையை எடுத்துவிட்டு இறக்க வேண்டும். நம் வீடுகளில் 'பிசுக்குப் பதம்' என்பார்களே, அதுவே போதும். கம்பிப் பதம் வரை விட்டால் ஆறியபின் சர்க்கரை பூக்கும். சீசாக்களை முன்னதாகவே நீரிலிட்டுக் கால்மணி நேரம் கொதிக்கவைத்து, சூட்டோடு எடுத்து, மரப்பலகையின்மீதோ மடித்த துணியின்மீதோ வைத்து, பாகையும் சூட்டோடு கழுத்துவரை ஊற்றி மூட வேண்டும். ஈரக் கல்தரையில் வைத்தால் சீசா விண்டுவிடும். மூடியபின் சில நிமிஷம் சீசாவைப் படுக்கவைத்தால், சூடான பாகு பட்டு மூடியின் உட்புறமும் தூய்மையாகும்.

5 லிட்டர் சாற்றுக்கு 7½ கிலோ சர்க்கரை சேர்த்தால் ஏறத்தாழ 10 லிட்டர் பாகு வரும். ஒரு பங்கு பாகுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து பருகலாம். இருட்டான குளிர்ந்த இடத்தில் வைத்த பாகு 6 மாதம் வரை நன்றாயிருக்கும். வெளிச்சம் படும் அலமாரியில் வைத்தால் நிறம் மங்கிப் பழுப்பாகும். திறந்த சீசாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்திற்குள் செலவழித்துவிட வேண்டும்.

கடைகளிற் கெடாமைக்கென்று இரண்டு உப்புகள் விற்கின்றன. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டு என்பது எலுமிச்சை, ஆரஞ்சு முதலியவற்றுக்கு ஏற்றது. கருந்திராட்சையின் நிறத்தை அது வெளுக்கச் செய்துவிடும். கரும்பழச் சாறுகளுக்குச் சோடியம் பென்சோயேட்டையே பயன்படுத்துவர். ஆயின் அதன் அளவு லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. வீட்டுத் தராசில் அவ்வளவு சிறிய எடையைப் பிசகின்றி நிறுப்பது கடினம். மேற்சொன்ன சர்க்கரை விகிதத்தைக் கைவிடாதவர்களுக்கு இவ்விரண்டும் தேவையில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

ஜெல்லி.— இது பாகைவிடக் கடினமான வேலை, கைப்பழக்கம் வேண்டும். பழச்சாறு உறைவதற்குப் பெக்டின் என்னும் பசைச்சத்தும், புளிப்பும், சர்க்கரையும் தக்க அளவிற் கூட வேண்டும். நன்கு பழுத்த திராட்சையில் பெக்டினும் புளிப்பும் குறைந்துவிடுகின்றன. ஆகவே நான்கில் மூன்று பங்கு பழமும், ஒரு பங்கு செங்காயும் எடுத்துக்கொள்வது வழக்கம். மழையில் வெடித்த கொத்துகளைக் கழிக்கும்போது நிறம் ஏறாத மணிகளும் உடன் வருமாதலால், அவற்றை எறியாமல் இதற்கென்று ஒதுக்கலாம். செங்காய் கிடையாதாயின் முற்றிய கொய்யாக்காயை வேகவைத்து வடித்த நீரைச் சாற்றில் நான்கில் ஒரு பங்கு கலந்தாலும் உறையும்.

1 லிட்டர் தெளிந்த சாற்றுக்கு ¾ கிலோ சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழச் சாறு. இம்முறை தீயைப் பெருக்கி விரைந்து கொதிக்கவிட வேண்டும். மந்தத் தீயில் நெடுநேரம் வைத்தால் பெக்டின் சிதைந்துவிடும். ஒரு தடவைக்கு ஒரு லிட்டருக்குமேல் வைக்கலாகாது என்பதும் இக்காரணம் பற்றியே. பதம் 105 டிகிரி என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். அது கடலோர ஊர்களின் கணக்கு. கம்பம் கடல்மட்டத்துக்குமேல் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு ஒரு டிகிரி சொச்சம் முன்னதாகவே கொதித்துவிடுகிறது. புத்தகத்தை நம்பி 105 வரை விட்டவர்களுக்கு ஜெல்லி ரப்பராகிவிடும். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியைப் பார்த்து, அதற்குமேல் ஏறத்தாழ 5 டிகிரி என்று கொள்வது பிழையற்ற வழி. வெப்பமானி இல்லாதவர்கள் கரண்டியைத் தோய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். முதலில் நீர்போற் சொட்டும். பின்பு இரண்டு சொட்டுகள் விளிம்பில் ஒன்றுசேர்ந்து தகடுபோல் விழும். அதுவே பதம், உடனே இறக்கி வாயகன்ற சீசாவில் ஊற்றிவிட வேண்டும். ஒருநாள் முழுதும் அசையாமல் இருக்கட்டும். உறையாவிட்டால் மனம் தளர வேண்டாம். அதுவும் கெட்டியான பாகே, இட்லிக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ளப் பிள்ளைகள் மறுக்கமாட்டார்கள்.

தொக்கு.— இனிப்பு ஏறாமற் புளிப்போடு வெடித்த பழத்துக்கு இதுவே தகும். அளவும் நம் சமையலறைக்கு ஏற்றது. சர்க்கரைச் செலவும் இல்லை. பழத்தைச் சிறிது வேகவைத்து, சல்லடையில் தேய்த்து விதை நீக்கிய கூழ் 1 கிலோ எடுத்துக்கொள்க. நல்லெண்ணெய் 150 கிராம் காய்ச்சி, கடுகு தாளித்து, கூழைக் கொட்டி, மிளகாய்ப்பொடி 50 கிராம், உப்பு 40 கிராம், மஞ்சள்பொடி சிறிது சேர்த்துச் சுருளக் கிளற வேண்டும். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்போது, வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும், எலுமிச்சை அளவு வெல்லமும் சேர்த்து இறக்கலாம். புளிப்புப் போதாவிடில் சிறிது புளிக்கரைசல் முன்னரே விடலாம். ஈரமில்லாத சீசாவில் எடுத்துவைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்துவந்தால், குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று வாரத்துக்குக் குறையாமல் இருக்கும். தயிர்ச் சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமானது பள்ளத்தாக்கில் வேறில்லை என்று ஒருதலையாகவே எழுதிவிடலாம்.

உலர்திராட்சையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பன்னீர்த் திராட்சை விதையுள்ளது; உலர்த்தினால் விதையும் உடன் நிற்கும். அது பெரும்பாலும் விதையில்லா இனங்களைக் கொண்டு செய்யும் வேலை.

பொங்கிய சீசாவும் சட்டமும்.— இப்பகுதியைக் கிராம அதிகாரிகளும் கவனித்தல் நலம். சர்க்கரை குறைந்தோ, சீசா சரியாகக் கொதிக்காமலோ, மூடி கசிந்தோ போனால் சாறு நொதிக்கத் தொடங்கும். நொதியிலிருந்து எழும் வாயு வெளியேற வழியின்றிச் சீசா வெடித்து, கண்ணாடிச் சில்லு கண்ணிற் படக்கூடும். மூடி உப்பியிருந்தாலும், திறக்கும்போது 'புஸ்' என்று சீறினாலும், நுரை எழுந்தாலும் அச்சீசாவைக் கொட்டிவிட வேண்டும். மறுபடி காய்ச்சிச் சரிப்படுத்தலாம் என்று எண்ணலாகாது. நொதித்த திராட்சைச் சாறு மதுவேயாகும். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நம் மாநிலத்தில் இன்றும் நடைமுறையில் உள்ளது. உரிமம் இன்றி வீட்டில் மது ஆக்குவது அச்சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்தார் கேட்டார்கள் என்றும், மேல்நாட்டில் வழக்கம் என்றும் சொல்லிப் பானையிற் பழத்தை ஊறப்போடுவோர், சேதத்தோடு வழக்கையும் தேடிக்கொள்வார்கள். அதுபோலவே, காய்ச்சிச் சர்க்கரை கூட்டிய பாகை மதுவென்று ஐயுற்று எளிய குடும்பங்களைத் தொல்லைப்படுத்துவதும் முறையன்று. பாகு வேறு, நொதித்தது வேறு. மூடியைத் திறந்து முகர்ந்தால் எவரும் அறியலாம்.

வீட்டு உபயோகத்துக்குச் செய்வதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. விலைக்கு விற்பதாயின், எவ்வளவு சிறிய அளவானாலும், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். சீசாவில் செய்த நாளும் சேர்மானங்களும் ஒட்டியிருக்க வேண்டும். மகளிர் குழுக்கள் இதனை ஒரு தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்பினால், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியையோ, ஆனைமலையன்பட்டித் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தையோ முன்னதாகக் கலந்துகொள்வது உசிதம்.

கறுப்புத் திராட்சை 'இரத்தம் ஊறச் செய்யும்' என்னும் நம்பிக்கை நம் கிராமங்களில் வேரூன்றியிருக்கிறது. பாகின் நிறம் இரத்தத்தை ஒத்திருப்பதே இதற்குக் காரணம் போலும். திராட்சையில் இரும்புச் சத்து மிகக் குறைவு. கருவுற்ற பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திற் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டு, 'பாகு குடித்தால் போதும்' என்று மாமியார்மார் கூறுவார்களாயின், அது அன்பினாற் செய்யும் கேடு. நீரிழிவு உள்ளவர்கள் இப்பாகைத் தொடாமலிருப்பதே நன்று. இதில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை என்று மேலே கண்டோம்.

வடித்தபின் எஞ்சும் தோலும் விதையுமான சக்கையை வாய்க்காலில் எறியலாகாது. அது புளிப்பு மிகுந்தது. குவியலாய்க் கிடந்தால் ஈயைப் பெருக்கும். சாணத்தோடும் உலர்ந்த சருகோடும் கலந்து உரக்குழியிற் பரப்பி மண் மூடினால் மக்கிவிடும். கழித்த அழுகல் மணிகளையும் அங்கேயே புதைக்க வேண்டும். பந்தலடியில் விட்டால் அவற்றின் பூஞ்சை அடுத்த பறிப்புக்குக் காத்திருக்கும்.